கிணற்றுக் கயிற்றில் ஒரு தொட்டில்

பேத்தியின் ஃபிளாட்டில் நாற்காலி மேல் ஏறினால் மேற்கூரை கைக்கு எட்டிவிடும். அங்கே ஒரு கொக்கியில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டிலில் அவள் பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தது. உடனே எனக்குச் சனியன் பிடித்த தாகம்.

எங்கள் ஊர் அரிமளத்தில் அப்பா புது வீடு கட்டியபோது, பெரிய வீடுகளுக்குக் குறையக் கூடாதென்று உத்திரத்தை இரண்டாள் உயரத்துக்கும் மேலே ஏற்றிவிட்டார். தம்பி பிறந்த பிறகுதான் தெரிந்தது, தொட்டில் கட்ட அவ்வளவு நீளமாக எங்களிடம் இருந்தது கிணற்றுக் கயிறு மட்டும்தான் என்று. யுத்த காலம், புதுக் கயிறு கிடைக்கவில்லை. தம்பி தூங்கி எழும்வரை வாளி கிணற்றடியில் சும்மா கிடக்கும்.

ஒருநாள் உச்சிவெயிலில் வயலிலிருந்து வந்த அப்பா, குடத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"குடிக்கக்கூடவா தண்ணி இல்ல?"

"மெதுவாப் பேசுங்க. புள்ள எந்திரிச்சாத்தான் கயிறு. அவசரம்னா ஒங்க உத்திரத்தக் கொஞ்சம் எறங்கி வரச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

அப்பா அண்ணாந்து பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பக்கத்துக் கூரைவீட்டின் தாழ்ந்த வாசலில் இரண்டாக மடிந்து நுழைந்து, தண்ணீர் கேட்டார்.

இங்கே குழாய் நாலு எட்டில் இருக்கிறது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வராமல், பிள்ளை எப்போது விழிக்கும் என்று தொட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.