அணைந்துபோன பச்சைப் புள்ளி

இன்று அந்தி நேரத்தில் லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில், கடலுக்குப் போன நைனாவுக்காக அம்மாவோடு காத்திருந்தேன். கடலும் வானமும் ஒரே கருநீலமாகிக்கொண்டிருந்தன.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்து வீடியோ ஒன்றைப் போனில் ஓட்டினேன். இருட்டில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி தள்ளாடித் தள்ளாடி நகர்ந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள்; படகு விளக்கென்று நினைத்துவிட்டாள். "யாரு போட்டுடா அது? இன்னா இப்படி அலையுது, என்ஜின் நின்னுபோச்சா?"

"போட்டு இல்லம்மா. வெளிச்சம் விடுற சாயம் ஏத்தின ஒரே ஒரு மூலக்கூறு. அது போற வழிய மைக்ராஸ்கோப்ல பாக்குறோம்."

சட்டென்று புள்ளி அணைந்தது. எங்களுக்கு அது சாதாரணம். சாயத்தின் வெளிச்சம் தீர்ந்தால் அடுத்த புள்ளிக்குப் போய்விடுவோம்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளக்கு அணைஞ்சிச்சே! கரை ஏறிட்டானா?"

நைனா வந்து சாப்பிட்டும் முடித்தாயிற்று. அம்மா இன்னும் கேட்கிறாள், "அந்த ஆளு வந்துட்டானாடா?"

வந்துட்டான்னு சொல்லிவிடட்டுமா?