ஷாஹீதா அக்காவின் டெலிவரி தேதி

பல்லிடுக்கில் மூன்று குண்டூசிகளைக் கவ்வியபடியே ஷாஹீதா அக்கா வாசலில் நிற்கும் பெண்ணிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். "தைச்சாச்சு தங்கம், ஊக்கு மட்டுந்தான் வைக்கணும். வெள்ளிக்கிழமை வா." அந்தப் பெண்ணின் துணி இன்னும் பையை விட்டே வெளியே வரவில்லை. எனக்குத் தெரியும், என்னுடையதும் அதே பையில்தான் மூன்று வாரமாகக் கிடக்கிறது.

பழங்காநத்தத்தில் அவர் வீட்டு முன்னறைதான் கடை. சொன்ன தேதியில் அக்கா ஒரு பிளவுஸ் கொடுத்ததாக எங்கள் ஏரியாவில் சாட்சி கிடையாது. கூட்டம் மட்டும் குறையாது. கழுத்து வெட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் எல்லோரும் திட்டிக்கொண்டே வருகிறோம்.

இப்படிப்பட்டவரிடம் போன வருஷம் ஒரு கெடு வந்து மாட்டியது. லோடு ஆட்டோ ஓட்டும் கணவர் ஜுல்பிகர் கால் முறிந்து எட்டு மாதம் படுத்துவிட்டார். வீட்டுக்கடன் தவணை நின்றது. வங்கிக்காரர்கள் வந்து, வீடு இனி எங்கள் வசம், ஏலம் விடப்போகிறோம் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் நாற்பத்தைந்து நாளுக்குள் கடன் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். தவறினால் வீடும் போச்சு, கடையும் போச்சு. வக்கீல் ஃபீஸைக் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டார். "அம்புட்டு இருந்தா தவணையவே கட்டிருப்பேனே! நானே போறேன்."

இவராவது, கெடுவாவது!

அக்காவுக்கோ தன் லட்சணம் நன்றாகவே தெரிந்திருந்தது. எந்தத் துணி வந்தாலும் ஒரு துண்டுச் சீலையில் பில் நம்பரும் டெலிவரி தேதியும் எழுதி அதன்மேல் குத்திவைப்பார். நோட்டீஸுக்கும் ஒரு துண்டு குத்தினார். அதில் எழுதியது நாற்பத்தொன்றாம் நாள். "ஊருக்கெல்லாம் ஒரு பொய்த் தேதி சொல்றேன்ல. எனக்கும் ஒண்ணு சொல்லிக்கிட்டேன். என்னைய நானே நம்ப மாட்டேன்மா."

பிறகு ஒவ்வொரு காகிதத்தையும் லைனிங் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் படித்தார். வங்கியின் முதல் நோட்டீஸ் அவர்கள் எப்போதோ காலிசெய்த வாடகை வீட்டுக்குப் போயிருந்தது. அது தங்கள் கைக்கே வந்து சேரவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டார்.

நாற்பத்தொன்றாம் நாள் மனுவோடு போனார். தாள்களை நூலால் கோத்துக் கட்டவேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தையல்காரி சும்மா இருப்பாரா? மெஷினில் ஜீன்ஸ் ஊசி மாட்டி, பத்துப் பத்துத் தாளாக, இடது ஓரம் முழுக்க டபுள் தையல் போட்டிருந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு வரியின் முதல் வார்த்தையும் தையலுக்குள் போயிருந்தது.

"ஏம்மா, இது மனுவா, தலகாணி உறையா? பிரிச்சிட்டு வாங்க."

அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து பிளேடால் பிரித்தார். ஊசித் துளை வழியே தாள் தாளாகக் கிழிந்து வந்தது. மறுபடி பிரிண்ட், மறுபடி கையெழுத்து, மறுபடி நகல் என்று அலைந்ததில் நாற்பத்து நாலாம் நாள் சாயங்காலம்தான் சீல் விழுந்தது. கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பொய்த் தேதி மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

விசாரணையிலும் அவரே நின்று பேசினார். ஏலத்துக்குத் தடை, நிலுவையைத் தவணையில் கட்டலாம் என்று போன வாரம் உத்தரவு வந்தது.

மறுநாள் பிளவுஸ் கேட்டுப் போனேன். வழக்கம்போல் தைத்திருக்கவில்லை. அக்கா ஸ்டூல்மேல் ஏறி, முன்னறை ஜன்னலுக்குத் திரை தைக்க டேப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜுல்பிகர் கீழே நின்று அளவு எழுதினார்.

"கீழ ஆறு இஞ்சு மடிச்சுத் தைக்கணும், எழுதுங்க."

"எதுக்கு அம்புட்டு?"

"துவைக்கத் துவைக்கச் சுருங்கும்ல மச்சான். அப்பப்பப் பிரிச்சு இறக்கிக்கலாம். பத்து வருசத்துக்கு வேணும்ல?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, டேப்பை இன்னும் ரெண்டு இஞ்சு கீழே இறக்கினார்.