விறாந்தையில் கிடந்த வலை

சின்ன மாமாவின் கை நடுங்கும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் அதைக் காணாததுபோல் இருப்பார்கள். தேத்தண்ணி சிந்தினால் அம்மா துணியால் துடைத்துவிட்டு வேறு எதையாவது பேசுவார். மாமா அம்மாவின் தம்பி. பேசாலைக் கரையிலிருந்து தொழிலுக்குப் போன வள்ளத்தின்மேல் நேவி சுட்டபோது, அதிலிருந்த மூவரில் அவர் மட்டும்தான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு தூரத்தில் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்.

பெரியப்பாதான் ஒருநாள் கிழிந்த வலையொன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் போட்டார். "சும்மா இருந்து தின்னாமல் இதையெண்டாலும் பொத்தட்டும்" என்றார். அதில் இரக்கம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் வலை ஊசியைப் பிடித்ததும் மாமாவின் கை நின்றது. ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போடப்போட மூச்சும் ஒழுங்குக்கு வந்தது. அன்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு கேட்டார். அம்மா குசினிக்குள் போய் அழுதார்.

பிறகு கடலுக்குப் போகத் தடை போட்டார்கள். கடல் காணாத வலை கிழியாது. பொத்தி முடித்த வலையைச் சும்மா மடியில் வைத்திருந்த மாமாவின் கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. எனக்கு அப்போது பத்து வயது. பென்சில் சீவும் பிளேடால் வலையில் ஏழெட்டுக் கண்களை வெட்டினேன்.

"மாமா, இஞ்ச கிழிஞ்சிருக்கு, பாருங்கோ."

அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஓம் பிள்ளை. நண்டு கடிச்சிருக்கு."

"விறாந்தையில நண்டோ?" என்று தம்பி சிரித்தான்.

"இது பள்ளிக்கூடம் போற நண்டடா. நல்ல கூரான பல்லு."

தம்பியின் தொடையில் கிள்ளினேன். மாமாவை ஏமாற்றுவது இவ்வளவு லேசா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதன் பிறகு ஒருநாள்விட்டு ஒருநாள் வெட்டினேன். அவரும் பொத்திக்கொண்டே இருந்தார். ஹெலி வந்தபோதும் ஊசியை விடவில்லை.

தடையை எடுத்ததும் பெரியப்பா வலைக்கு வந்தார். முற்றத்தில் விரித்தபோது, அதற்கு முந்தின நாள் நான் வெட்டிய இடம் பொத்தாமலே கிடந்தது. பெரியப்பா நூல் நுனியைப் பிடித்துப் பார்த்தார்.

"இது கிழிஞ்சதில்லை, வெட்டினது. ஆரடா வெட்டினது?"

நான் கதவோடு ஒட்டி நின்றேன். மாமா என்னை ஒருதரம் பார்த்தார்.

"நான்தான் அத்தான்."

"தானே வெட்டித் தானே பொத்துறாராம் துரை!" பெரியப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "உன்ர தம்பிக்கு விசர் முத்திட்டுது. இனி வீட்டில வைச்சிருக்கேலாது."

அம்மா எவ்வளவோ கெஞ்சினார். அடுத்த கிழமை மாமாவை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பஸ் ஏறும்போது அவருடைய இரண்டு கைகளையும் பெரியப்பா துவாயால் கட்டியிருந்தார். நான் செய்ததைத் தான் செய்ததாகச் சொன்னவருக்கு விசராகத்தான் இருக்கவேண்டும் என்று நானும் நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு பை மாத்திரையோடு திரும்பி வந்தார். கதிரையில் இருத்தினால் அதிலேயே இருந்தார். ஹெலி வந்தது, அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் வலை ஊசியைக் கையில் கொடுத்தேன். எதற்கென்று தெரியாதவர்போல் திருப்பித் தந்தார்.

"பாத்தியளோ, கை நடுங்கேல்லை" என்று பெரியப்பா வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். நான் இரண்டு கொளுத்தினேன். மாமாவுக்குச் சுகமானதற்கு ஒன்று, என்னை யாரும் கண்டுபிடிக்காததற்கு ஒன்று.