நடுவே போன கோடு

தையற்காரர் வீட்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டு, கைபேசியை அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதே வாரம் மனநல மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் அவருடைய கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கோடு இறங்கினால் மனச்சோர்வு குறைகிறது என்று அர்த்தம்.

அந்தக் கோட்டைப் போட்டவளை அங்கே எல்லோரும் புள்ளிக்காரி என்பார்கள். இருநூற்றுப் பதினொரு பேருக்குத் திங்கட்கிழமைதோறும் நர்ஸ் போன் போட்டு ஒன்பது கேள்வி கேட்பாள். தூக்கம், பசி, வாழ்வில் பிடிப்பு என்று ஒவ்வொன்றிலும் தொல்லை கூடக்கூட மூன்று வரை மதிப்பெண். மொத்தத்தைப் புள்ளியாக வைத்து நடுவே கோடு இழுப்பது இவள் வேலை. தையற்காரர் பதினேழு என்பார், மறுவாரம் ஒன்பது. அப்புறம் பத்தொன்பது, ஆறு, இருபத்தொன்று, இரண்டு. மனுஷர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார், தள்ளாட்டத்தைக் கழித்தால் நிஜம் தெரியும் என்று நம்பிக் கழித்தாள். கோடு சாதுவாக இறங்கியது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் வாரப் போனை மாதப் போனாக்கினார்.

நான்காம் நாள் தையற்காரரின் மனைவி வந்து நின்றாள்.

“தேறிட்டு வர்றாருன்னு சொன்னீங்களே மேடம்?”

“நம்பர் அப்படித்தாம்மா சொல்லுச்சு.”

“நான் பக்கத்துல இருந்தா நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுவாரு. இல்லாட்டி நான் அழுவேன்ல? ஒரு திங்க விட்டு ஒரு திங்க துணி குடுக்கப் போயிடுவேன். அன்னிக்கு என்ன சொன்னாரோ, நான் எங்க கண்டேன்!”

அவள் போனதும் புள்ளிக்காரி அவர் தனியாயிருந்த திங்கட்கிழமைகளை மட்டும் பிரித்துப் பார்த்தாள். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று. கோடு ஏறியது. நர்ஸிடம் ஓடினாள்.

“நர்ஸக்கா, கேக்கறப்ப பக்கத்துல யாரு இருந்தான்னு எழுதினீங்களா?”

“அதுக்கு ஏதுடி கட்டம்? ஃபாரம் போட்ட மகராசி நீதானே!”

புதுக் கட்டம் போட்டாள். எல்லாரையும் மறுபடி விசாரித்துக் கணக்கைத் திருப்பிப் போட்டதில் முப்பத்தெட்டுப் பேரின் கோடு தலைகீழானது. அவர்களுக்கு வாரப் போன் திரும்ப வந்தது. “முப்பத்தெட்டு உசுரு, போதாதா உனக்கு?” என்றாள் நர்ஸ். போதவில்லை.

தையற்காரரின் மனைவி வாரம் தவறாமல் போனில் கூப்பிடுவாள். “ஏதாச்சும்?” “இல்லம்மா.” பிறகு மாதம் ஒருமுறை. பிறகு அதுவும் நின்றது.

பதினான்கு மாதம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஆய்வுப் பிரிவுக்கு ஒரு செய்தி வந்தது:

“தையக்காரன்தான். உயிரோட இருக்கேன். தூக்கம் இன்னும் வரல. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியல.”