முருகன் படம் தொங்கும் சுவர்

பிள்ளைகளே, குனோங் ராபாட்டில் இருக்கும் நம் வீட்டை வாங்க நேற்று ஒருவர் பார்க்க வந்தாரல்லவா, அவர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சுவரைத் தட்டிப் பார்த்தார். "படத்த எடுத்துட்டா இங்க டீவி மாட்டலாம்லா," என்று மனைவியிடம் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. அது பழைய எரிச்சல்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, சுங்காய்த் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்கள் ஆணி அடிக்கக் கூடாது. சுவர் தோட்டத்துக்குச் சொந்தம், அடித்தால் தோட்ட ஆபீஸ் கிராணி ஏசுவார். அதனால் உங்கள் தாத்தா இதே படத்தைக் கூரை விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். மழைக்காற்றில் முருகன் ஆடிக்கொண்டே இருப்பார்.

பக்கத்து வீட்டு மணியின் அப்பா ஈப்போவில் சொந்த வீடு வாங்கினார். நாங்கள் அதைப் பார்க்கப் போனபோது புதுச் சுண்ணாம்பு வாசம் வீசியது. மணி எனக்குக் காட்டவே சுத்தியலை எடுத்து ஓர் ஆணி அடித்துப் பள்ளிப்பையை மாட்டினான்.

"எங்க வீடுலா. எங்க வேணும்னாலும் அடிப்பேன். நீ ஒன்னு அடிக்கிறியா மச்சான்?"

"வேணாம்," என்றேன். ஆனால் அடிக்க ஆசைதான். அவன் அம்மா கொடுத்த ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

இந்த வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் அடித்தது, முருகனுக்கான ஆணிதான்.

"விக்கப் போறீங்களாப்பா?" என்று கேட்டீர்கள். ஆமாம். நான் லாரி வாங்கிய கடனைக் கேட்டு ஆள் வரும்போதெல்லாம் உங்கள் அம்மா சொந்த வீட்டிலேயே ஒளிந்துகொள்கிறாள். அவள் ஒளிந்தது போதும்.

வாங்குகிறவர் மேல் பொறாமை இருக்கத்தான் செய்கிறது. ஆணி அவருக்கே இருக்கட்டும். இனி நாம் போகும் வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடாவிட்டால் கயிறு கட்டுவோம். முருகனுக்கு ஆடிப் பழக்கம்தான்.