மகளின் போனில் நாடு மாறிய நாள்

1. எண்பத்தெட்டுப் பாகை

அந்த முற்பகலில் என் முன்னால் உரும்பிராயிலிருந்து வந்த ஓர் ஐயா இருந்தார். அமெரிக்காவில் இருக்கும் மருமகன் அனுப்பிய போனை மேசையில் வைத்து முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இஞ்சை பாருங்கோ. வெக்கை எண்பத்தெட்டாம். யாழ்ப்பாணம் வேகுது எண்டு தெரியும். அதுக்காக இவ்வளவோ? உந்தச் சூட்டிலை நான் செத்தெல்லோ போயிருக்கோணும்!"

மருதனார்மடச் சந்தியில் உள்ள ஒரு போன் கடையில் நான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அதற்கு முன் தனியார் கல்வி நிலையம் ஒன்றில் கணினி படிப்பித்தேன். அதனால் முதலாளி இன்றும் என்னை 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். உடைந்த கண்ணாடி மாற்றுவது, பற்றரி மாற்றுவது எல்லாம் அவருடைய மேசை. செட்டிங்ஸ் வேலை முழுவதும் என்னுடையது. அதில் பாதி, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் போன்களுக்கு நாடு மாற்றுவது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டிய விடயம் ஒன்று உண்டு. போனுக்குள் நாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, செட்டிங்ஸில் மொழியோடு சேர்ந்து இருக்கும் 'ரீஜியன்'. அதை மாற்றினால் திகதி எழுதும் முறை, வெப்பநிலை, அளவுகள் மாறும். பிழைத்துப் போனாலும் உடனே திருப்பி மாற்றலாம். ஐயாவின் போன் வெப்பநிலையை அமெரிக்க வழக்கப்படி பரனைட்டில் காட்டியதற்கு அதுதான் காரணம்.

மற்றது கணக்கின் நாடு. செயலிகளை இறக்கும் அப் ஸ்டோர் எந்த நாட்டுக்குத் திறக்கும் என்பது அதில் தங்கியிருக்கிறது. அதை மாற்றுவது இலேசல்ல. ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்கள் முடிந்திருக்க வேண்டும். புதிய நாட்டில் ஒரு முகவரி வேண்டும். குடும்பத்தவரின் கணக்குகளை ஒன்றாக இணைக்கும் குடும்பக் குழுவில் இருந்தால் அதிலிருந்து விலக வேண்டும்.

இதை ஐயாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோதே என்னுடைய போன் ஒளிர்ந்தது.

'ஆரணி உங்கள் குடும்பக் குழுவிலிருந்து விலகிவிட்டார்.'

ஆரணி என் ஒரே மகள். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய போனை எங்கள் கடையில் வாங்கி, கணக்கை நானே திறந்து, என் குடும்பக் குழுவில் சேர்த்து அனுப்பியிருந்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் போனின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். காலையில் தேத்தண்ணி வைக்கும்போது அதைப் பார்ப்பேன். அங்கே அப்போது இருட்டு. புள்ளி விடுதியில் அசையாமல் இருக்கும். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

வரைபடத்தைத் திறந்தேன். புள்ளி இல்லை.

வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒற்றைச் சரி மட்டும் விழுந்தது. அழைத்தேன். மணியே போகவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. ஆரணியின் கணக்கைத் திறப்பதற்கான ஆறு இலக்க இரகசிய எண், அதாவது கோட். அவளுடைய கணக்குக்குள் யாரோ நுழைய முயல்கிறார்கள். பின்னால் இன்னொன்று வந்தது.

கணக்கின் நாட்டை மாற்றுவதற்குக் குழுவிலிருந்து விலக வேண்டும் என்று ஒரு நிமிடத்துக்கு முன் என் வாயால்தான் சொல்லியிருந்தேன். அது என் மனதில் ஏறவே இல்லை. மகளின் போனை யாரோ பறித்துவிட்டார்கள் என்றுதான் ஏறியது. போன் பறிபோனது என்றால், அவள் எங்கே?

2. கோட் கேட்ட குரல்

தெரியாத ஒரு இங்கிலாந்து இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, நான் தான். உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கே? கெதியாச் சொல்லுங்கோ."

குரல் அடைத்திருந்தது. மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. என் தலைக்கு மேலே சுவரில் ஓர் அறிவித்தல் தொங்குகிறது. நானே எழுதி ஒட்டியது: 'கோட் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள்.' சில காலத்துக்கு முன் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு அவருடைய மகனின் குரலிலேயே பேசி, கணக்கை அப்படியே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து 'யாராக இருந்தாலும்' என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

அழைப்பைத் துண்டித்தேன்.

லண்டனில் இருக்கும் என் தம்பிக்கு அடித்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. "அக்கா, அழாதேங்கோ. நான் வேலையிலை சொல்லிப்போட்டு இப்பவே வெளிக்கிடுறன்" என்று அவன் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவன் இருக்கும் இடத்திலிருந்து அவளுடைய விடுதி அரை மணிக்கு மேல் ஓட்டம்.

அதே இலக்கம் திரும்பவும் அழைத்தது. துண்டித்தேன். திரும்பவும் அழைத்தது. துண்டித்தேன். பிறகு ஒரு செய்தி வந்தது: 'அம்மா ப்ளீஸ்.'

முதலாளி தன் மேசையை விட்டு எழும்பி வந்தார். விபரம் கேட்டுவிட்டு என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"ரீச்சர், கள்ளன் எண்டா இவ்வளவு தரம் அடி வாங்கிக்கொண்டு நிக்கமாட்டான். அடுத்த ஆளிட்டைப் போயிருப்பான். வீடியோவிலை வரச்சொல்லுங்கோ."

"அண்ணை, இப்ப முகத்தையும் போலியாச் செய்யிறாங்களாம்."

"செய்தாச் செய்யட்டும். முதல்லை பாப்பம்."

ஐயா கதிரையை விட்டு எழும்பவில்லை. "என்ரை வெக்கை கிடக்கட்டும் தங்கச்சி. பிள்ளையைப் பாருங்கோ" என்றார்.

வீடியோவில் ஆரணி வந்தாள். தலையில் துவாய் சுற்றியிருந்தது. கண் சிவந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய அறைத்தோழி. அந்தத் தெரியாத இலக்கம் தோழியுடையது. முகத்தைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அந்த ஆறு இலக்கத்தைச் சொல்ல வாய் திறக்கவில்லை. முதலாளிதான் போனை வாங்கினார்.

"பிள்ளை, உன்னட்டை போனைத் தரேக்கை நான் என்ன சொன்னனான்?"

"கவர் போடாட்டி ஒரு மாசத்துக்குள்ளை உடைப்பாய் எண்டு, மாமா."

"போட்டனியே?"

"இல்லை."

"பேந்து?"

"மூலையிலை கொஞ்சம் உடைஞ்சிட்டுது."

முதலாளி போனை என்னிடம் நீட்டினார். "உது ஆரணி தான். வேறை ஒருத்தியும் உப்பிடி நடக்கமாட்டாள்."

நான் அழத் தொடங்கிவிட்டேன். ஆரணிக்குக் கோபம்.

"என்னம்மா நீங்கள், விசர் வேலை! பெத்த பிள்ளையின்ரை கோலை மூண்டு தரம் வெட்டியிருக்கிறியள். இண்டைக்கு எனக்கு வேலை தொடங்குது. பஸ் ரிக்கெட்டும் அந்தப் போனுக்கை, வேலை செய்யிற இடமும் அந்தப் போனுக்கை. போன் பூட்டிக் கிடக்குது!"

3. என்ன நடந்தது

ஆரணி சேர்ந்த பகுதிநேர வேலைக்குத் தேவையான அப் இலங்கைக் கணக்கில் கிடைக்கவில்லை. நாட்டை மாற்ற முயன்றிருக்கிறாள். 'முதலில் குடும்பக் குழுவிலிருந்து விலகவும்' என்று போன் கேட்க, விலகியிருக்கிறாள். அப்போதும் மாறவில்லை. படங்கள் சேமிக்க நான் போட்டுக்கொடுத்த சந்தா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போன் முழுவதையும் அழித்துவிட்டு, முதல் திரையில் இங்கிலாந்தைத் தெரிவுசெய்தால் நாடு மாறிவிடும் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

இந்தப் பிழையைப் படித்தவர்களும் செய்கிறார்கள். முதல் திரையில் கேட்கும் நாடு போனுக்கு உரியது. அப் ஸ்டோரின் நாடு கணக்குக்கு உரியது. போனை எத்தனை தரம் அழித்தாலும் கணக்கு இருந்த நாட்டிலேயே இருக்கும். அழித்த போன் திரும்பத் திறக்கும்போது பழைய கணக்கைக் கேட்டது. கணக்கு கோட்டைக் கேட்டது. கோட் என் இலக்கத்துக்கு வந்தது, ஏனென்றால் கணக்கைத் திறக்கும்போது அவளுக்கு இங்கிலாந்து இலக்கம் இருக்கவில்லை.

கோட்டைச் சொன்னேன். போன் திறந்தது. சந்தாவை நிறுத்தச் சொன்னேன். அது முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அதுவரைக்கும் அப் ஸ்டோருக்கு மட்டும் இங்கிலாந்தில் ஒரு புதுக் கணக்குத் திறக்கவைத்தேன். கோட் வரும் இலக்கத்தை அவளுடைய புது இலக்கத்துக்கு மாற்றவைத்தேன். ஒவ்வொரு படியாக, மேசைக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். என் குரல் நிதானமாகிவிட்டது.

நாங்கள் அதை முடிக்கும்போது அங்கே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா! மாமா வந்து நிக்கிறார். ஏன் வந்தவர்?"

தம்பி வேலைச் சட்டையோடு திரைக்குள் தலையை நீட்டினான். "அக்கா, ஆள் முழுசா நிக்கிறாள். நான் திரும்பிப் போகட்டோ?"

"போகாதை. பிள்ளையை வேலையிலை கொண்டுபோய் விட்டிட்டுப் போ."

பிறகு ஐயாவின் ரீஜியனை இலங்கைக்கு மாற்றினேன். முப்பத்தொன்று என்று காட்டியது. "இப்பதான் உடம்புக்குச் சுகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

4. இப்போது

சந்தா முடிந்ததும் ஆரணியின் கணக்கு முறையாக இங்கிலாந்துக்கு மாறியது. வெவ்வேறு நாட்டுக் கணக்குகள் ஒரே குடும்பக் குழுவில் இருக்க முடியாது. இதை எத்தனையோ தாய் தகப்பனுக்கு முகம் மாறாமல் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஏன் உடனே எழும்பிப் போகாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

"புள்ளி வேணுமெண்டா நான் தனியா அனுப்பலாம் தானே, அம்மா" என்றாள் ஆரணி. வேண்டாம் என்றேன். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதுகிறாள். சில நாட்களில் 'வந்திட்டன்' என்ற ஒரு சொல்தான் வரும். அது போதும். போன் சத்தம் போட்டால் கைவேலையை வைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பது மட்டும் இன்னும் போகவில்லை.

கடையில் ஒரு வழக்கத்தை மாற்றியிருக்கிறேன். பிள்ளை வெளிநாடு போகிறது என்று யாராவது போன் வாங்க வந்தால், நிறத்தையும் கவரையும் பற்றிக் கதைக்க முன், "கோட் ஆருக்கு வரும்?" என்று கேட்கிறேன். போய் இறங்கியதும் அந்த இலக்கத்தை மாற்றச் சொல்கிறேன். நாட்டை மாற்ற முன் வீட்டுக்கு ஒரு சொல் சொல்லச் சொல்கிறேன். சுவரில் உள்ள அறிவித்தலைக் கழற்றவில்லை. அது சரிதான். ஆனால் குரலையும் முகத்தையும் நம்பமுடியாத காலத்தில், சொந்தப் பிள்ளை உண்மையிலேயே கேட்கும்போது அடையாளம் காணவும் ஒரு வழி வேண்டும்.

அதனால் ஆரணியும் நானும் எங்களுக்குள் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். பதில் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். அது என்ன கேள்வி என்று முதலாளி இரண்டு தரம் கேட்டுவிட்டார். அவருக்கும் சொல்லவில்லை.