கும்பத்து அரிசிக்குள் சுழல்தண்டு

மலேசியாவின் ஈப்போ நகரில், ரப்பர் ஆலைகளுக்கு உருளை கடைந்து கொடுத்த ஒரு நிறுவனத்தின் பட்டறைக்கு எழுபதுகளின் பிற்பகுதியில் நான் பொறுப்பாளன். சென்னையில் இயந்திரப் பொறியியல் படித்துத் திரும்பியவன். என் கையொப்பம் இல்லாமல் எந்த உருளையும் வாசலைத் தாண்டியதில்லை. பின்னாளில் பெற்ற காப்புரிமைக்குப் பிறகுதான் எனக்கு மதிப்பு வந்தது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

அந்த உருளைகள் கடினமான வார்ப்பிரும்பு. சாதாரணக் கட்டர் ஒரே முனையில் சூடேறி மழுங்கிவிடும். நான் வட்டமான கட்டர் ஒன்றை, உருளையின் உராய்வாலேயே தானும் சுழலுமாறு அமைத்தேன். விளிம்பு முழுவதும் சமமாகத் தேய்ந்தது. அதை அதிராமல் சுழலவைத்தவை, கட்டரைத் தாங்கும் ஹோல்டருக்குள் இருந்த தண்டும், அது அமரும் கூம்பு வடிவ உள்வளையமான புஷ்ஷும். கண்டுபிடிப்பு என்றால் அவை இரண்டும்தான்.

அக்காலத்தில் காப்புரிமையை லண்டனில் பெற்ற பிறகே இங்கே பதிய முடியும். விண்ணப்பிக்குமுன் பலர் பார்க்க வெளியில் வைத்த பொருளுக்கு உரிமை கிடையாது. விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தபோது ஆயுத பூசை வந்தது. பட்டறைச் சாமான் அனைத்தையும் அன்று கழுவி, சந்தனம் இட்டுச் சாமிமுன் அடுக்குவோம். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள், சீனர்கள் உட்பட, சுண்டலுக்கு வருவார்கள்.

புதிய ஹோல்டரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தலைமை ஃபிட்டர் வந்து நின்றார்.

“சார், இன்னிக்கு ஒரு ஸ்பானர்கூட விடுபடக்கூடாது. அத மட்டும் பூட்டி வெச்சா நாளைக்கு எவன் அதுல கை வெப்பான்?”

“வெளிக்கூட்ட வைக்கிறேன். உள்ள இருக்கிறத வைக்க முடியாது.”

“பாதிக்குப் பூசை போட்டா பாதிதான் வெட்டும்லா சார்.”

அவர் சிரிக்கவில்லை. ஆட்கள் தொட மறுத்தால் சோதனை ஓட்டம் நின்றுவிடும். ஆகவே பூசாரி வருமுன் தண்டையும் புஷ்ஷையும் கழற்றி, கும்பத்து அரிசிக்குள் நானே புதைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து மூடினேன். வெறும் கூடு தட்டில் அமர்ந்தது. பக்கத்தில் நின்று பார்த்த ஃபிட்டர் சரியென்று தலையசைத்தார்.

தீபாராதனை முடிந்ததும், ஊரின் புந்தோங் பகுதியில் பட்டறை வைத்திருந்த ஒருவர் கூட்டை எடுத்துத் துளைக்குள் விரலை விட்டார்.

“என்னா சார், உள்ள காலியா கெடக்கு? இதுக்கா லண்டனு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு இன்னொரு கரண்டி சுண்டல் வைக்கச் சொன்னேன்.

பிற்பாடு அதே மனிதர், என் கண்டுபிடிப்பைப் பூசையிலேயே ஊரறியப் பார்த்ததாகவும், உரிமை தரக்கூடாது என்றும் லண்டன் காப்புரிமை அலுவலகத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். என் காப்புரிமை முகவர் கலங்கினார்; நான் கலங்கவில்லை. அன்று சிரித்தவர்களையே சாட்சிக்கு அழைத்தேன். கூடு காலி என்று அவர் தம் வாயால் சொன்னதை ஃபிட்டரும் பக்கத்துச் சீனப் பட்டறை முதலாளியும் உறுதி செய்தார்கள். எதிர்ப்பு தள்ளுபடியானது. காப்புரிமை என் பெயரில் வந்தது. எண்பதுகளில் ஹோல்டர்களுக்கென மேலும் இரண்டு பெற்றேன். மாநிலத்தின் வடக்கே தைப்பிங்கிலிருந்து தெற்கே சிலிம் ரிவர் வரை உருளை கடைந்த பட்டறைகளில் என் கட்டர் சுழன்றது.

பின்னால் கதை வெளியே பரவியதில், கும்பத்தில் இருந்த மகிமையால்தான் உரிமை கிடைத்தது என்று புந்தோங்கில் இன்றும் சொல்கிறார்கள். அது சரியன்று. உரிமை கிடைத்தது புஷ்ஷின் கூம்புக்கு. கும்பம் அதை ஒரு காலைப்பொழுது மறைத்து வைத்திருந்தது, அவ்வளவே.